மிங்கலம்

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே
ஒரு கொமினிகேசன்.
போட்டோ கொப்பி, ரீலோட்,
மூன்று மொழியிலும் மனு அடித்துத் தரப்படும்.
அடிப்பவள் ஜெசிந்தா. இடது கையால்.

வலது கைக்கு என்ன ஆனது என்று
மனுவோடு வருகிற எல்லாரும் கேட்கிறார்கள்.
மீதிச் சில்லறை வாங்கும்போதும் கேட்கிறார்கள்.
நான் கேட்கவில்லை,
ஆகவே இதிலும் அது இல்லை.

நான் கேட்டது, "எங்க வலிக்குது?"
இடது சுண்டுவிரலை உயர்த்திக் காட்டினாள்.
இரண்டு கைக்குச் செய்த விசைப்பலகையில்
ஒற்றைக் கை ஒரு நாளைக்கு நடக்கிற தூரத்தை
நூல் பிடித்து அளக்கப் பார்த்தோம்.
மத்தியானச் சோற்றுக்கு முன்பே
நூல்கட்டை தீர்ந்துவிட்டது.

முதல் அச்சு, சவர்க்காரம்.
ஈரக் கட்டியை ஒருமுறை இறுக்கிப் பிடித்தாள்.
விரல் விழுந்த பள்ளங்களில்
பழைய பலகையிலிருந்து பிடுங்கிய பொத்தான்கள், நான்கு.
பெருவிரலுக்கு
விளையாட்டுப் பெட்டியில் கழற்றிய குட்டிக் கம்பு,
எந்தப் பக்கமும் சாயும்.

விரல்கள் மெய். பெருவிரல் உயிர்.
இரண்டும் ஒரே கணத்தில் விழுந்தால் உயிர்மெய்.
குறிலுக்குத் தொட்டு விடு, நெடிலுக்குக் கொஞ்சம் பிடி,
கம்பைத் தொடாவிட்டால் புள்ளி.
ஒன்றாம் வகுப்பில் இதை நூறு தடவை எழுதியிருக்கிறேன்.
ஒரு கைக்கென்றே யாரோ செய்து வைத்தது மாதிரி இருக்கும் என்று
அப்போது தெரியவில்லை.

ஆனால் நான்கு விரல் கூடிப் பிரிந்து
பதினைந்து விதமாகத்தான் விழும்.
மெய்யோ பதினெட்டு.
மூன்று எழுத்து வெளியே
மழையில் நின்றன.

இரண்டு கிழமை அட்டவணை போட்டுப் போட்டு அழித்தேன்.
யாருடையதோ காணி மனுவை அடித்துக்கொண்டே
அவள் சொன்னாள்:
"ங தனியா எங்க வருது? க வந்தாத்தானே வருது.
ஞ, ச-வுக்கு முன்னுக்கு.
ந, த-வுக்கு முன்னுக்கு, இல்லாட்டி சொல் தொடக்கத்துல.
எல்லாத்தையும் ன-வுலயே போடு.
பின்னால வர்ற எழுத்து பாத்துக்கும்."

போட்டேன். பதினைந்து.
சங்கு, பஞ்சு, பந்து, எல்லாம் நேராக விழுந்தன.
ஞாயிறு மட்டும் நாயிறு ஆனது.
"கடைக்கு அன்னைக்கு லீவுதானே" என்றாள்.

பெயரை அடிக்கப் போனபோதுதான்
இருவருக்கும் தெரிந்தது,
பதினைந்துக்குள் ஜ இல்லை.
அவள் சிரிக்கவில்லை.
"பிறப்புப் பத்திரத்துல ஏற்கெனவே ஒருத்தர்
செசிந்தான்னு எழுதிட்டார். இனி நீயுமா?"

அன்று இரவே உள்ளங்கை அடியில்
ஐந்தாவது பொத்தான்.
அழுத்திக்கொண்டு அடித்தால் ஜ, ஷ, ஸ, ஹ,
எண்கள், ரூபாய்க் குறி,
பின்னாலேயே ஞாயிறும் வந்து சேர்ந்தது.

ஷட்டர் இறங்கிய பிறகு
அதே கருவியில் கம்பால் ஓடுகிறாள்,
நடுவிரலால் சுடுகிறாள்,
உள்ளங்கையால் மதில் தாண்டுகிறாள்.
எந்த ஊரிலிருந்தோ ஆடுகிற பையன்கள்
திரையில் செத்துக் கிடந்தபடி கேட்கிறார்கள்:
யார் இந்த ஜெசி, என்ன மவுஸ் பாவிக்கிறான்?
இது வேறு கேள்வி.
பதில் சொல்லாமல்
அதை அவள் வைத்துக்கொண்டாள்.

குறை இல்லாமல் இல்லை.
பனி ஈயப் பற்றைத் தின்கிறது,
மாதம் ஒருமுறை திறந்து துடைக்கவேண்டும்.
நெடில் பிடிக்கும் நேரம் குளிர் காலையில் நீளுகிறது,
விரல் விறைத்தால் எல்லாச் சொல்லும் ஆ என்கிறது.

அப்புறம் அந்தச் சட்டம்,
ன-வுக்குப் பின் க வந்தால் ங என்று
நாங்களே வைத்தது.
நேற்றிரவு பதினொன்றரைக்கு வந்த செய்தி:
"மிங்கலம் சாகப் போகுது. காலையில ரெண்டு கொண்டு வா.
ஆட்டத்துல பாதியில நிக்கிறேன்."

திருத்த இரண்டு வரி போதும்.
கடை திறந்ததும் போய் வாங்கினேன்,
நான்கு.